கதவுக்கு அடியில் ஒரு நூல்

ஸ்டம்போ குடும்பத்து வீட்டில் கதவுகளை மூடக் கூடாது. தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி என்று ஒன்றையும் வீட்டுக்காரி நெவா விட்டுவைக்கவில்லை. பக்கத்து வீட்டு எஸ்டிலைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லிவிட்டாள். குளியலறைக்கும் அதே சட்டம்தான். உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் நெவா வாசலில் வந்து நிற்பாள். ஒருமுறை சர்ச்சிலிருந்து வந்த பாதிரியாரையும் அவள் விடவில்லை. பாவம் மனுஷன், ஒரு துதிப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை உள்ளேயிருந்தே பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார். ஓடைக்கரை வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் நெவாவின் காதுபடச் சிரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும்.

காரணம் ட்ராய். நெவாவின் மகன், மூத்த மகள் கோரினின் தம்பி. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகு உடைந்து வீட்டுக்கு வந்தவன். வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்து, எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காததில் போய் முடிந்தான். கிழக்குக் கென்டக்கி மலைகளில் இந்தக் கதை இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் நெவா அவன் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. தூங்குகிறான், தூங்கட்டும் பாவம் என்று சமையலறைக்குத் திரும்பிப் போனாள். பீன்ஸை வேகவைத்தாள், சோளரொட்டி சுட்டாள். அதன் பிறகுதான் போய்க் கதவைத் திறந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கோரினுக்கு இப்போது முப்பது வயதாகப் போகிறது. கோர்ட்டுக்குப் பக்கத்தில், வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். ட்ராய் மாதிரிப் பையன்களின் வழக்குகள் அவள் மேசைக்குத் தினமும் வரும். ஒரு பையனுக்கு வக்கீல் ஒதுக்கும் நேரத்தில் ஒரு காபி குடித்து முடிக்க முடியாது. இதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துதான், நாமே சட்டம் படித்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற சட்டக் கல்லூரி மாநிலத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த உதவியும் இந்த வருஷத்தோடு நிற்கப் போவதாகப் பேச்சு. அங்கே சேர வேண்டுமானால் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும்.

அந்தத் தேர்வு இருக்கிறதே, அதில் சட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. ஒரு வாதத்தைக் கொடுத்து இதில் ஓட்டை எங்கே என்று கேட்பான். இன்னின்னது உண்மையானால் வேறு எது கட்டாயம் உண்மை என்று கேட்பான். கோரின் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் காரில் உட்கார்ந்து படித்தாள். பயிற்சிப் புத்தகத்தில் ஒருநாள் இப்படி ஒரு ஓட்டை வந்தது: ‘ஒன்று கேட்கவில்லை என்பதால் அது நடக்கவில்லை என்று முடிவு கட்டுவது.’ அதைப் படித்ததும் அவளுக்கு அம்மா ஞாபகம் வந்தது. கதவு மூடியிருக்கிறது, சத்தம் இல்லை, ஆகவே தூங்குகிறான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அன்று அவள் சாப்பிடவே இல்லை.

தேர்வை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம். ஆனால் அறையில் தனியாக இருக்க வேண்டும், கதவு மூடியிருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் கேமரா வழியாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். தேர்வு நடக்கும்போது வெளியே இருப்பவரோடு பேசினாலும் தேர்வு அத்தோடு காலி. பாதியில் விடுகிற இடைவேளையில் மட்டும்தான் எழுந்து வெளியே போகலாம்.

ஆகஸ்டில் முதல் தடவை எழுதியபோது கோரின் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சட்டக் கல்லூரி என்ற பேச்சை எடுத்தாலே நெவா கழுவி வைத்த தட்டுகளை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்துவிடுவாள். எதற்கு வம்பு என்று, அம்மா சர்ச் விருந்துக்குப் போகும் ஒரு சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி வாங்கினாள். கைப்பிடி இருந்த ஓட்டையில் ஒரு காலுறையைத் திணித்தாள். துணி அலமாரியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். தேர்வு பாதிகூடத் தாண்டவில்லை, விருந்துக்குச் செய்த புட்டிங்கை மறந்துவிட்டுப் போன நெவா அதை எடுக்கத் திரும்பி வந்துவிட்டாள். வாசலில் மகளின் கார் நிற்கிறது. மகள் அறையின் கதவு மூடியிருக்கிறது.

"கோரி?"

கோரின் பதில் சொல்லவில்லை.

"கோரி, கதவ ஏன்டி மூடியிருக்க? கோரி!"

தட்டல் இடியாக மாறியது. கோரின் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். போய்விடுவாள், எஸ்டில் மாமாவைக் கூப்பிடப் போவாள், அதற்குள் இந்தப் பகுதியை முடித்துவிடலாம் என்று கல்லாக உட்கார்ந்திருந்தாள். அப்போது வெளியே இருந்த குரல் மாறியது.

"ட்ராய்! ட்ராய், கதவத் தொறடா! அம்மாடா!"

அதற்கு மேல் எந்தப் பெண்ணால் சும்மா இருக்க முடியும்? "அம்மா, நான்தாம்மா! உயிரோடதான் இருக்கேன்!" என்று கோரின் கத்தினாள். திரையில் ஒரு கட்டம் எழும்பியது. தேர்வு நிறுத்தப்பட்டது.

அன்றைக்கு அம்மாவும் மகளும் போட்ட சண்டை ஓடைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு மூடக் கூடாதாடி?" என்று நெவா தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்னா மட்டும் நீ மூட விட்டிருப்பியா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள். நெவா போய்க் கழுவி வைத்த தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். மறுநாள் காலையில் ரொட்டியும் குழம்பும் எடுத்து வைக்கும்போது, மகள் முகத்தைப் பார்க்காமலே, "மறுபடி எழுது," என்று மட்டும் சொன்னாள்.

மறுபடி எழுத ஜனவரிதான் கிடைத்தது. இதை விட்டால் அந்தக் கல்லூரியின் கடைசித் தேதி தாண்டிவிடும். மற்ற எல்லாமே போய்ச் சேர்ந்துவிட்டன: வக்கீலின் சிபாரிசுக் கடிதம், பழைய மதிப்பெண்கள், தன்னைப் பற்றி எழுத வேண்டிய கட்டுரை. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் டெல்மா, "ஏன்டி, உங்க ஊர் ஓடைய பத்தி எழுதியிருக்க, கோர்ட்டு நாற்காலிய பத்திகூட எழுதியிருக்க. உன்னத்தான் காணோம்," என்றாள். கோரின் அதை அப்படியே அனுப்பிவிட்டாள். ட்ராய் பெயரை எழுத அவளுக்குக் கை வரவில்லை. இனி மதிப்பெண் ஒன்றுதான் பாக்கி.

இந்தத் தடவை வீடே வேண்டாம் என்று டவுனில் ஒரு தங்கும் விடுதியில் அறை சொல்லி வைத்திருந்தாள். தேர்வுக்கு முதல்நாள் மழை பெய்தது. விடிந்து பார்த்தால் மழை அப்படியே உறைந்து, மலைப்பாதை முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. வளைவில் ஒரு நிலக்கரி லாரி குறுக்கே விழுந்து கிடக்கிறது, சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ காக்கா போக முடியாது என்று எஸ்டில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கோரின் வீட்டிலேயே எழுதியாக வேண்டும். கரண்ட் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. இணையம் இருந்தது. அம்மாவும் இருந்தாள்.

"அம்மா, நீ எஸ்டில் மாமா வீட்டுக்குப் போயிடு."

"இந்த ஐஸ்ல வழுக்கி விழுந்து நான் சாகவா? எங்கயும் போகல. இங்கயே இருக்கேன், நீ எழுது."

"உன்னால முடியாதும்மா. கதவு மூடியிருக்கும். நான் பேச மாட்டேன். ரொம்ப நேரம் ஆகும்."

நெவா தன் பின்னல் கூடையைக் கிளறினாள். சிவப்புக் கம்பளி நூல் உருண்டை ஒன்றை எடுத்து நுனியைப் பிரித்தாள்.

"இத உன் கால்ல கட்டிக்க. கதவுக்கு அடியில விட்டு இந்தப் பக்கம் நான் பிடிச்சுக்கறேன். எப்பவாச்சும் லேசா இழுப்பேன். நீ கால ஆட்டு. பேச வேணாம், திரும்பக்கூட வேணாம். ஆட்டினா போதும் எனக்கு."

"நான் என்ன கன்னுக்குட்டியா, கட்டிப் போட?"

"கன்னுக்குட்டின்னா நிம்மதியா இருந்திருப்பேன். அது வக்கீலுக்குப் படிக்கணும்னு என் உயிர வாங்காது."

கோரினுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இது தப்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அம்மா நூலை நீட்டிக்கொண்டே நின்றாள். நூலைக் கணுக்காலில் கட்டி, முடிச்சைக் காலுறைக்குள் தள்ளிவிட்டாள். அம்மா சமையலறை நாற்காலி ஒன்றைக் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொண்டாள். கோரின் கதவைச் சாத்தி அலமாரியைத் தள்ளினாள். நூல் அலமாரியின் கால்களுக்கு நடுவே போய்க் கதவுக்கு அடியில் மறைந்தது. லேசாக ஒரு இழுப்பு. அவள் காலை ஆட்டினாள்.

கண்காணிப்பாளர் ஒரு ஆண். குரல் மட்டும்தான் கேட்டது, இளம் குரல், மரியாதையான குரல். அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான். சுவர், ஜன்னல், கட்டில், எல்லாம் காட்டினாள்.

"மேசைக்கு அடியில காட்டுங்க மேடம்."

காட்டினாள்.

"நில்லுங்க. தரையில சிவப்பா ஏதோ ஓடுதே, அது என்ன?"

காலுறை பிரிந்துவிட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது அந்தப் பொய். அதே நேரம் பார்த்து வெளியிலிருந்து அம்மா லேசாக இழுத்தாள். நூல் தரையில் அசைந்தது. கேமராவும் அதைப் பார்த்திருக்கும்.

"அது நூல்," என்றாள் கோரின். "அந்தப் பக்கம் எங்கம்மா பிடிச்சிட்டிருக்காங்க."

காப்பியடித்தவள் என்று எழுதிவிட்டால் இந்தக் கல்லூரி மட்டுமில்லை, எந்தக் கல்லூரியும் ஆயுசுக்கும் திரும்பிப் பார்க்காது. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தம்பி, மூடிய கதவு, ஆகஸ்டில் நடந்தது. கட்டுரையில் எழுதக் கை வராததையெல்லாம் முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க மேடம். நான் மேல கேக்கணும்."

அவன் திரும்பி வருவதற்குள் கோரின் செத்துப் பிழைத்தாள்.

"நூல் ரூமுக்குள்ள இருக்கக் கூடாது. வெளிய தள்ளிடுங்க. அதுக்கப்புறம் வெளியிலேர்ந்து யாராவது கூப்பிட்டாலோ, கதவத் தட்டினாலோ நான் நிறுத்தியாகணும். எனக்கு வேற வழி இல்ல. மன்னிச்சுக்கோங்க."

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலாமா?"

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சொல்லிக்கோங்க."

காலுறைக்குள்ளிருந்த முடிச்சை இழுத்து அவிழ்த்தாள். தரையில் மண்டியிட்டு, நூலைச் சுருட்டிக் கதவுக்கு அடியில் தள்ளினாள்.

"அம்மா, நூலை எடுக்கச் சொல்றாங்க. இனிமே நான் பேச முடியாது. தட்டிடாதம்மா. கேக்குதா?"

சிவப்பு நூல் மெல்ல மெல்ல நகர்ந்து, கடைசி நுனியும் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"அம்மா?"

"மேடம், ஆரம்பிக்கணும்."

ஆரம்பித்தது. முதல் கேள்வியை நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. அம்மா ஏன் பதில் சொல்லவில்லை? இப்போது தட்டுவாள், இதோ இப்போது. ஒவ்வொரு கேள்வி முடியும்போதும் தோள்பட்டை தானாகக் குறுகியது. காதில் வைத்துக்கொள்ள வாங்கிய பஞ்சு மேசையில் கிடந்தது. வைத்துக்கொள்ளத் தைரியம் வரவில்லை. வெளியே மலையில் ஐஸ் கனம் தாங்காமல் மரக்கிளைகள் படார் படார் என்று முறிந்துகொண்டிருந்தன, ஒவ்வொரு முறிவுக்கும் அவள் நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது. ஆனாலும் பழகிய கை வேலை செய்தது. முதல் பகுதி எப்படியோ முடிந்தது.

இரண்டாவது பகுதியின் நடுவில் கதவுக்கு வெளியே ஏதோ தடாரென்று விழுந்தது.

கிளையின் சத்தமில்லை அது. வீட்டுக்குள்ளே, தரையில், கனமாக ஏதோ விழுந்த சத்தம். அதன் பிறகு ஒரு முனகல்கூட இல்லை.

அம்மாவுக்கு இதயத்துக்கு மாத்திரை உண்டு. காலையில் போட்டாளா? ஐஸ், லாரி, நூல் என்று இருந்த களேபரத்தில் போட்டிருக்க மாட்டாள். கோரினின் கை மவுஸின் மேல் அப்படியே உறைந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்க்கலாம். பார்த்தால் தேர்வு முடிந்தது, படிப்பு முடிந்தது. டைப் அடித்தே கிழவியாக வேண்டியதுதான். போகாமல் இருந்தால்? ஒருவேளை நாற்காலி மட்டும் விழுந்திருக்கும். ஒருவேளை அம்மா தண்ணீர் குடிக்க எழுந்திருப்பாள். கதவு மூடியிருக்கிறது, சத்தம் இல்லை, ஆகவே எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

இப்படித்தானே அன்றைக்கு அம்மாவும் நினைத்திருப்பாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கக் கூடாதா என்று அவள் மனசுக்குள் அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தாள். இப்போது அவளும் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் முட்டித் திரை மங்கியது. துடைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது, அதே சமயம் விடைகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனாள்.

இடைவேளை என்று திரை சொன்னதுதான் தாமதம், நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். அலமாரி அசைய மறுத்தது. தோளைக் கொடுத்து முட்டித் தள்ளிவிட்டுக் கதவைப் பிடுங்கித் திறந்தாள்.

சமையலறை நாற்காலி தரையில் கவிழ்ந்து கிடந்தது. நெவா அதற்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வாய் நிறையச் சிவப்புக் கம்பளி. உருண்டையை அப்படியே வாயில் அடைத்துப் பற்களால் கடித்துக்கொண்டிருந்தாள். மிச்ச நூலை வலது கையில் சுற்றிச் சுற்றி இறுக்கியதில் விரல்கள் நீலம் பாரித்துப் போயிருந்தன.

"அம்மா! அய்யோ அம்மா!"

கோரின் மண்டியிட்டு உருண்டையை வெளியே எடுத்தாள். நெவா வாயிலிருந்த கம்பளி இழைகளைத் துப்பிவிட்டு, ரகசியம் பேசுவதுபோலக் கேட்டாள்:

"நாற்காலி விழுந்துடுச்சுடி. அந்தப் பையனுக்குக் கேட்டுடுச்சா?"

"இல்லம்மா. ஒண்ணும் சொல்லல."

"எந்திரிச்சு நின்னா தட்டிடுவேன்னு பயமா இருந்துச்சு. அதான் கீழ உக்காந்துக்கலாம்னு நகர்ந்தேன், காலு இடறிடுச்சு. நீ கூப்பிட்டப்ப பதில் சொல்ல வாயத் தொறந்தா அழுகைதான் வரும்னு..." நெவா மூச்சு வாங்கினாள். "நான் கத்தலடி கோரி. ஒரு சத்தம் போடல."

கோரின் அம்மாவின் கையிலிருந்த நூலைப் பிரிக்கப் பிரிக்க அழுதாள். இறுக்கிய தடம் ஒவ்வொரு விரலிலும் சிவந்திருந்தது. அந்த விரல்களைத் தன் கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள்.

"போதும்மா. விட்டுடலாம். சத்தம் கேட்டும் நான் வரல தெரியுமா? உள்ளயே உக்காந்திருந்தேன். நீ விழுந்துட்டியோன்னு நெனச்சேன், ஆனா வரல. இதுக்கு மேல என்னால முடியாது."

நெவா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்தது. இந்த வீட்டில் அதைப் புரிந்துகொள்ள அவளைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? மகளின் முகத்தைக் கம்பளி ஒட்டிய கையால் துடைத்துவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பாதி."

"அப்போ உள்ள போ."

"அம்மா..."

"போடின்னா! இவ்வளவு நேரம் அந்தக் கம்பளிய நான் எதுக்குத் தின்னேன்?"

சுவரைப் பிடித்துக்கொண்டு நெவா எழுந்தாள். மகளை அறைக்குள் தள்ளினாள். கைப்பிடி இல்லாத கதவின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, தன் கையாலேயே சாத்தினாள். ட்ராய் போனதிலிருந்து அவள் சாத்திய முதல் கதவு அது. சாத்திய பிறகும் அவள் உள்ளங்கைகள் பலகையை விட்டு அகலவில்லை என்பது கதவு லேசாக அசைந்துகொண்டிருந்ததில் கோரினுக்கு இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது.

"அலமாரியத் தள்ளு," என்றது நடுங்கிய குரல். "நல்லா முட்டுக் கொடு. நானே தொறந்தாலும் தொறந்துடுவேன்."

கோரின் அலமாரியைத் தள்ளினாள். உட்கார்ந்தாள். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"ரெடியா மேடம்? கதவு மூடியிருக்கா?"

"மூடியிருக்கு," என்றாள் கோரின். "எங்கம்மாதான் மூடினாங்க."